'ஆயிரம் வாட்ஸ்' பெட்டியைப் பார்த்து ஏமாறாதீர்கள்!
'ஹோம் தியேட்டர்' ரிசீவர் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

திருமானூர்:

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் "1000 வாட்ஸ்" என்று போட்டிருக்கும். உள்ளே திறந்து பார்த்தால் 20 வாட்டுக்குக்கூட வக்கில்லாமல் இருக்கும். 'ஹோம் தியேட்டர்' ஆசையில் கடைக்குப் போகிறவர்கள் சிக்கிக்கொள்ளும் முதல் வலை இதுதான்.

இதில் போலீசுக்குப் போக முடியாது. கத்தியைக் காட்டி யாரும் பறிக்கவில்லை. ஆசை காட்டி வாங்க வைக்கிறார்கள். பணம் போன பிறகுதான் விஷயம் தெரிகிறது.

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமானூர். அரியலூர் மாவட்டத்து ஊர். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் தஞ்சாவூர் ஜில்லா. கொஞ்சம் பெரிய சாமான் வாங்க வேண்டும் என்றால் ஒன்று தஞ்சாவூர் பஸ், இல்லாவிட்டால் அரியலூர் பஸ். வாங்கி வந்த சாமான் ரிப்பேர் ஆனாலும் அதே பஸ்தான்!

அதனால் நகரத்துக்காரரைவிட இங்கே இருக்கிறவர் இரண்டு மடங்கு யோசித்து வாங்க வேண்டியிருக்கிறது.

கணக்குப் பாருங்கள்

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பையன் சிங்கப்பூரில் வேலை. அங்கிருந்து பணம் அனுப்புகிறான். "அப்பா, பெரிய டி.வி. வாங்கியாச்சு. சத்தம் மட்டும் சரியில்லை. நல்ல செட்டா ஒண்ணு வாங்கிப் போடுங்க" என்கிறான்.

பெயர் பெற்ற கம்பெனியின் ரிசீவர் மட்டுமே முப்பது, நாற்பது ஆயிரம் ரூபாய் பிடிக்கும். ஸ்பீக்கர் தனி. வயர் தனி. எல்லாம் சேர்ந்தால் ஒரு போக நெல் பணம் போய்விடும். லோன் போட்டு வாங்கினால் வட்டியும் சேரும்.

இரண்டாம் வருஷம் செட் ஊமையாகிவிட்டால்? அந்தக் குடும்பத்துக்கு அது சின்ன நஷ்டம் அல்ல.

ரிசீவர் என்றால் என்ன?

ரேடியோவுக்குத் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய காலத்தில், வானொலி அலையை வாங்கிக் கொடுக்கும் பெட்டிக்குத்தான் 'ரிசீவர்' என்று பெயர். ரேடியோவையும் ஆம்ப்ளிபயரையும் ஒரே பெட்டியில் வைத்தார்கள். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

இப்போதைய ரிசீவருக்கு வேலை அதிகம். டி.வி., செட்-டாப் பாக்ஸ், டிஸ்க் பிளேயர், விளையாட்டுப் பெட்டி எல்லாம் அதில்தான் வந்து சேரும். படத்தை டி.வி.க்கு அனுப்பும். சத்தத்தைப் பிரித்து ஐந்து, ஏழு ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும். அதிர்வுச் சத்தத்தை 'சப் ஊபர்' என்ற பெரிய ஸ்பீக்கருக்குத் தள்ளும். '5.1' என்று சொல்வதில் ஐந்து என்பது ஸ்பீக்கர், புள்ளிக்குப் பின்னால் வரும் ஒன்று இந்த சப் ஊபர்.

இத்தனையும் ஒரே பெட்டிக்குள் என்பதால், ஒரு பகுதி கெட்டாலும் மொத்தப் பெட்டியும் முடங்கிப் போகிறது.

தியேட்டரிலிருந்து வீட்டுக்கு

இந்த ஆசை எப்படி வந்தது? எல்லாம் சினிமா கொட்டகையில் ஆரம்பித்ததுதான்.

1995-ல் வந்த 'குருதிப்புனல்' படத்தில் டால்பி ஸ்டீரியோ சரவுண்டு முறை வந்தது. 1996-ல் வந்த 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ். முறையில் வெளியானது. டி.டி.எஸ். முறையில் இந்தியாவிலேயே முந்திக்கொண்டது தமிழ்ப் படம்தான். அதன் பிறகு "டி.டி.எஸ். தியேட்டர்" என்று போர்டு மாட்டாத கொட்டகைக்குக் கூட்டம் குறைந்தது. 2012-ல் 'சிவாஜி' படத்தின் 3டி பிரதி டால்பி அட்மாஸ் ஒலியோடு வந்தது. இந்த முறையில் தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும்.

கொட்டகையில் கேட்டதை வீட்டில் கேட்க வேண்டும் என்ற ஆசை தப்பில்லை. அந்த ஆசையைக் காசாக்குகிறவர்களிடம்தான் ஜாக்கிரதை வேண்டும்.

வாட்ஸ் புளுகு

கடைக்குள் நுழைந்ததும் நடக்கிற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"அண்ணே, இது ஆயிரம் வாட்ஸ். வால்யூமை முழுசா வச்சா தெருவே அதிரும்!"

"அந்தப் பெட்டி?"

"அது வெறும் 70 வாட்ஸ்ணே. விலை மட்டும் பத்து மடங்கு."

கேட்கிறவர் எதை வாங்குவார்? ஆயிரத்தைத்தான் வாங்குவார். அங்கேதான் ஏமாற்று.

ஆயிரம் என்று போட்டிருப்பதன் பக்கத்தில் பொடி எழுத்தில் 'பி.எம்.பி.ஓ.' என்று இருக்கும். கண் சிமிட்டும் நேரத்துக்குள் அந்த செட் எவ்வளவு தாங்கும் என்று கற்பனையாகப் போடும் கணக்கு அது. அதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒருவர் 500 என்பார். அதே செட்டை இன்னொருவர் 2 ஆயிரம் என்பார். இருவரையும் பிடித்துக் கேட்க முடியாது.

நீங்கள் பார்க்க வேண்டியது 'ஆர்.எம்.எஸ்.' என்ற கணக்கு. செட் தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி அது. 70 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். கொடுக்கும் செட், ஆயிரம் வாட்ஸ் பி.எம்.பி.ஓ. செட்டைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

ஒரே செட், மூன்று கணக்கு

பெரிய கம்பெனிகளும் இந்த விஷயத்தில் முழுப் புத்தர்கள் அல்ல. ஒரே ரிசீவருக்கு 70 வாட்ஸ், 100 வாட்ஸ், 135 வாட்ஸ் என்று மூன்று எண்கள் போடுவது உண்டு.

இரண்டு ஸ்பீக்கர்களும் ஓடும்போது, அடி முதல் உச்சம் வரை எல்லாச் சத்தத்துக்கும், கரகரப்பு இல்லாமல் கொடுப்பது 70. ஒரே ஸ்பீக்கர் மட்டும், ஒரே ஒரு சுருதிக்கு என்றால் 100. நூற்றுக்குப் பத்து பங்கு சிதைந்தாலும் பரவாயில்லை என்றால் 135. மூன்றுமே பொய் இல்லை. ஆனால் விளம்பரத்தில் பெரிதாக வருவது 135-தான்!

இந்தக் கூத்தைத் தடுக்க அமெரிக்காவில் 1974-லேயே வர்த்தகக் கமிஷன் விதி போட்டது. 2024-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். 8 ஓம் ஸ்பீக்கரில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை, சிதைவு ஒரு சதவீதத்துக்குள் இருக்கும்படி அளந்துதான் சக்தியைச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு.

எனவே கடைக்காரரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். எத்தனை ஸ்பீக்கர் ஓடும்போது? எத்தனை ஓம்? சிதைவு எத்தனை சதவீதம்? எல்லாச் சத்தத்துக்குமா, ஒரே சுருதிக்கா? பதில் பெட்டியில் வரும் புத்தகத்தில் இருக்க வேண்டும். அதில் இல்லாத வாட்ஸை நம்ப வேண்டாம்.

உள்ளே இருப்பது என்ன?

லோக்கலில் 'அசெம்பிள்' பண்ணி விற்கும் செட்டுகள் தமிழ்நாடு முழுக்க உண்டு. சென்னை ரிச்சி தெருவில் போர்டு வாங்கி, மரப் பெட்டியில் மாட்டி, கலர் விளக்கு போட்டு விற்பார்கள். எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. கை தேர்ந்த மெக்கானிக் கட்டியது பத்து வருஷம் ஓடும். உதிரிப் பாகமும் பக்கத்திலேயே கிடைக்கும்.

ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலிவு செட்டுகளில் அதிகம் புழங்குவது '4440' என்ற ஐ.சி. அதன் முழுச் சக்தியே பிரிட்ஜ் முறையில் 19 வாட்ஸ்தான். ஸ்டீரியோவாகப் போட்டால் பக்கத்துக்கு 6 வாட்ஸ். இதை வைத்துக்கொண்டு பெட்டியில் ஆயிரம் என்று எழுதினால் என்ன அர்த்தம்?

கொஞ்சம் பெரிய செட்டுகளில் '5200', '1943' என்ற ஜோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கும். நல்ல சரக்குத்தான். ஆனால் இதில் போலி ஏராளம். மேலே நம்பர் அச்சாக இருக்கும், உள்ளே சில்லு சின்னதாக இருக்கும். சத்தத்தைக் கூட்டினால் 'பட்'டென்று போய்விடும்.

டிரான்ஸ்பார்மரைப் பாருங்கள்

புளுகைப் பிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. செட்டுக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மரின் அளவைக் கேளுங்கள்.

"12-0-12, 5 ஆம்பியர்" என்று சொன்னால் கணக்குப் போடுங்கள். 24-ஐ 5-ஆல் பெருக்கினால் 120. மொத்தமாக உள்ளே வரும் சக்தியே 120 வாட்ஸ். அதிலும் மூன்றில் ஒரு பங்காவது சூடாகப் போய்விடும். மிச்சம்தான் சத்தம். 120 வாட்ஸ் குடித்துவிட்டு ஆயிரம் வாட்ஸ் கக்கும் மிஷினை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை!

கையில் தூக்கிப் பார்ப்பதும் நல்லது. பழைய முறையில் கட்டிய செட் என்றால் டிரான்ஸ்பார்மரும், சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடும் சேர்ந்து கனமாகத்தான் இருக்கும். 'டி கிளாஸ்' என்ற புது முறையில் வரும் செட் எடை குறைவாக இருந்தும் நன்றாக வேலை செய்வது உண்டு. ஆனால் 'டி கிளாஸ்' என்று கம்பெனி எழுதியே கொடுத்திருக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது.

எவ்வளவு வாட்ஸ் போதும்?

பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹால். அதில் உட்கார்ந்து சாதாரணமாகப் படம் பார்க்க உண்மையில் செலவாவது சில வாட்ஸ்தான். சண்டைக் காட்சியில் குண்டு வெடிக்கும்போது மட்டும் ஒரு நொடி அதிகம் கேட்கும்.

50 வாட்ஸை 100 வாட்ஸ் ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது. காதுக்குக் கொஞ்சம் கூடியதுபோல் தெரியும், அவ்வளவுதான். இரண்டு மடங்காகக் கேட்க வேண்டும் என்றால் சுமார் பத்து மடங்கு சக்தி வேண்டும். ஆகையால் வீட்டுக்கு 50 முதல் 80 வாட்ஸ் வரை நேர்மையான ஆர்.எம்.எஸ். இருந்தால் தாராளம்.

மிச்சப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். காதுக்குக் கேட்பது ஸ்பீக்கர்தான், வாட்ஸ் அல்ல. ஸ்பீக்கரின் 'ஓம்' கணக்கு ரிசீவருக்குப் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். 8 ஓம் கேட்கும் செட்டில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் செட் கொதிக்கும்.

கையில் பணம் குறைவா? ஐந்து சொத்தை ஸ்பீக்கர் வாங்குவதைவிட இரண்டு நல்ல ஸ்பீக்கர் வாங்குவது மேல்.

ஜப்பான் கம்பெனிக்கும் வந்த கதி

"பெரிய கம்பெனி சரக்கு வாங்கினால் கவலை இல்லை" என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் முழுக்கச் சரியில்லை.

ஜப்பானின் ஒசாகா நகரில் 1946-ல் ஆரம்பித்த கம்பெனி ஒன்கியோ. ரிசீவர் உலகில் பெரிய பெயர். 2009 முதல் 2012 வரை அந்தக் கம்பெனி விற்ற பல மாடல்களில் ஒரு வியாதி வந்தது. செட் எரியும், படம் வரும், சத்தம் மட்டும் வராது. உள்ளே இருந்த போர்டு சூட்டில் கெட்டுப் போனதுதான் காரணம். அமெரிக்காவில் அந்த மாடல்களுக்கு 2018 கடைசி வரை இலவசமாகச் சரி செய்து கொடுத்தார்கள்.

2015-ல் இன்னொரு பெரிய பெயரான பயனீரின் வீட்டு ஒலிச்சாதனப் பிரிவும் ஒன்கியோவிடம் வந்து சேர்ந்தது. ஆனாலும் கம்பெனி தேறவில்லை. 2021-ல் ரிசீவர் தொழிலை ஷார்ப் கம்பெனிக்கும் அமெரிக்க வாக்ஸ் கம்பெனிக்கும் விற்றது. 2022 மே மாதம் ஒசாகா கோர்ட்டில் ஒன்கியோ திவால் மனு போட்டது!

பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது. அந்தப் பெயரில் புது ரிசீவர்கள் வருகின்றன. ஆனால் எஜமானர் வேறு.

கைமாறும் கம்பெனிகள்

டெனான், மராண்ட்ஸ் என்ற இரண்டு பெயர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2002-ல் இரண்டும் ஒரே குடையின் கீழ் வந்தன. 2017-ல் அமெரிக்காவின் சவுண்ட் யுனைடெட் வாங்கியது. 2022-ல் அதை மாசிமோ என்ற கம்பெனி 100 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்த ஆக்சிமீட்டர் ரகக் கருவிகள் செய்யும் கம்பெனி அது! 2025-ல் சாம்சங்கின் ஹார்மன் கம்பெனி 35 கோடி டாலருக்கு அதை வாங்கிக்கொண்டது. மூன்று வருஷத்தில் மதிப்பு மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிட்டது.

2020-ல் இன்னொரு கூத்து. புதிதாக வந்த டெனான், மராண்ட்ஸ், யமஹா ரிசீவர்கள் சிலவற்றில் எச்.டி.எம்.ஐ. சிப் கோளாறு. புது விளையாட்டுப் பெட்டியை மாட்டினால் சில சமயம் படமே வரவில்லை. யமஹா உள்ளே இருந்த போர்டை மாற்றிக் கொடுத்தது. மற்ற இரண்டுக்கும் வெளியில் மாட்ட ஒரு சின்னப் பெட்டியை இலவசமாகக் கொடுத்தார்கள்.

கோளாறு எந்தக் கம்பெனிக்கும் வரும். வந்த பிறகு அதை ஒத்துக்கொண்டு சரி செய்து கொடுக்கிறார்களா என்பதில்தான் கம்பெனியின் லட்சணம் தெரியும். சந்தைக்கு வந்த முதல் மாதமே புது மாடலை வாங்க ஓடாதீர்கள். ஒரு வருஷம் ஓடி, வியாதி எல்லாம் வெளியே தெரிந்த மாடலே மேல்.

மைக் செட்காரரிடம் கேளுங்கள்

திருமழபாடியில் நந்தி கல்யாணம், ஏலாக்குறிச்சியில் மாதா திருவிழா, ஊருக்கு ஊர் காது குத்து, கல்யாணம். எங்கே போனாலும் மைக் செட் உண்டு. மைக் செட் தொழிலில் 'அஹூஜா' என்ற பெயர் தெரியாதவர் கிடையாது. 1940-ல் ஆரம்பித்த டெல்லி கம்பெனி அது.

மழையிலும் வெயிலிலும் அடிபடுகிற தொழில். திருவிழா நடுவில் செட் நின்றுவிட்டால் மைக் செட்காரர் மானம் போய்விடும். அதனால் அவர் பளபளப்பைப் பார்ப்பது இல்லை. "இது கெட்டால் நாளைக்கே சரி பண்ண ஆள் இருக்கா? பார்ட்ஸ் கிடைக்குமா?" என்றுதான் பார்ப்பார்.

திருவிழா ஆம்ப்ளிபயர் வீட்டு சினிமாவுக்குப் பொருந்தாது. ஆனால் அவருடைய கேள்வி பொருந்தும். வாங்கும் முன்பே கம்பெனியின் நம்பருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். "எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சர்வீஸ் எங்கே? வீட்டுக்கு வருவீர்களா, நாங்கள் தூக்கி வர வேண்டுமா?" பத்து கிலோ பெட்டியை பஸ்சில் வைத்துக்கொண்டு மூன்று தடவை அலைந்தால் பாட்டு கேட்கும் ஆசையே போய்விடும்!

வெளிநாட்டுச் சரக்கா?

வெளிநாட்டிலிருந்து வரும்போது கொண்டு வரலாமா? சிங்கப்பூரிலும் நம் ஊரைப்போல் 230 வோல்ட்தான். ஆனால் அமெரிக்காவில் 120 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட். அந்த ஊர் செட்டை இங்கே நேராகப் பிளக்கில் சொருகினால் அந்த நொடியே புகை வந்துவிடும். செட்டின் பின்பக்கம் வோல்டேஜ் அச்சாகி இருக்கும். அதைப் பார்க்காமல் சொருகக் கூடாது.

வெளிநாட்டில் வாங்கியதற்கு இங்கே வாரண்டி கிடைக்காமல் போவதும் உண்டு. பில் இல்லாமல் மறைமுகமாக வந்த சரக்குக்கு அந்தப் பேச்சே இல்லை. ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் என்று வாங்கி, முப்பதாயிரத்தை இழக்க வேண்டுமா?

உயிருக்கும் ஆபத்து

பணம் மட்டும் அல்ல, உயிரும் இதில் சம்பந்தப்பட்டது.

பியூஸ் போனால் புது பியூஸ் போடாமல், செப்புக் கம்பியைச் சுற்றி விடுகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. பியூஸ் என்பது செட்டைக் காக்கிற காவல்காரன். அவனைத் துரத்திவிட்டால் அடுத்த கோளாறில் செட் தீப்பிடிக்கும்.

தகரப் பெட்டி செட்டுக்கு மூன்று பின் பிளக் என்றால், மூன்றாவது பின் எர்த். "ஓட்டை சரியில்லை" என்று அதை ஒடித்துவிட்டுச் சொருகினால், உள்ளே ஒரு வயர் பெட்டியைத் தொட்டதும் ஷாக் அடிக்கும். தரை ஈரமாக இருந்தால் கதை முடிந்தது.

சில வகை எலக்ட்ரானிக் சாமான்களுக்கு இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் பாதுகாப்புப் பதிவு கட்டாயம் என்று மத்திய அரசு 2012-ல் உத்தரவு போட்டது. அப்படிப் பதிவான சாமானில் 'ஆர்' என்று ஆரம்பிக்கும் பதிவெண் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற ஆப்பில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் உண்மையா, போலியா என்று தெரிந்துவிடும்.

சூடுதான் எமன்

ரிசீவருக்கு முதல் எதிரி சூடு. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுள், சூடு 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ பாதியாகும் என்பது மெக்கானிக்குகள் கணக்கு. அரியலூர் பக்கத்துச் சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியது இல்லை.

ஆனால் நம் வீடுகளில் என்ன செய்கிறார்கள்? கண்ணாடி அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடுகிறார்கள். மேலே செட்-டாப் பாக்ஸ். அதற்கும் மேலே பூ வேலை செய்த துணி. செட்டுக்குப் போர்வை போர்த்துவதும் ஒன்று, கொள்ளி வைப்பதும் ஒன்று!

மேலேயும் பின்னாலேயும் நாலு விரல்கடைக்குக் குறையாமல் இடம் விடுங்கள். வாரம் ஒரு தடவை தூசி தட்டுங்கள். பல்லியும் எறும்பும் உள்ளே போய் போர்டை ஷார்ட் ஆக்குவது நம் ஊரில் சகஜம்.

இடி மின்னல் என்றால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்க வேண்டும். கேபிள் வயரையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் வரும். வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருவாக இருந்தால் நல்ல ஸ்டெபிலைசர் அவசியம். மலிவு இன்வெர்ட்டரில் போட்டால் 'உம்' என்று இரைச்சல் கேட்கலாம்.

ஸ்பீக்கர் வயரை மாட்டும்போது செட் அணைந்திருக்க வேண்டும். பிரிந்த நூல் கம்பி ஒன்று பக்கத்துக் கம்பியைத் தொட்டால் போதும். ஆயிரக்கணக்கில் செலவு வைத்துவிடும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

கடைக்காரர் போடும் 'டெமோ' பாட்டுக்கு மயங்காதீர்கள். உங்களுக்குப் பழக்கமான பாட்டை ஒரு பென் டிரைவில் கொண்டு போங்கள்.

முதலில் எதுவும் ஓடாமல் வால்யூமைப் பாதி வரை கூட்டுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வையுங்கள். இரைச்சல் பலமாக இருந்தால் வேண்டாம். அடுத்து சத்தத்தைக் குறைத்து வைத்து வசனம் கேளுங்கள். பேச்சு தெளிவாகக் கேட்டால் நல்ல செட். அதிர்வு மட்டும் பலமாக இருந்தால், அது கண்கட்டு வித்தை.

அரைமணி நேரம் ஓடட்டும். மேலே கையை வையுங்கள். வெதுவெதுப்பு சகஜம். கை வைக்க முடியாத கொதிப்பு என்றால் நழுவி விடுங்கள்.

பின்பக்கம் உள்ள எல்லா ஓட்டைகளிலும் வயரை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். டி.வி.யிலிருந்து சத்தம் திரும்பி வர 'ஆர்க்' என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. வேண்டும். அட்மாஸ் முழுசாக வேண்டும் என்றால் 'இ-ஆர்க்' வேண்டும். டி.வி.யிலும் அதே இருந்தால்தான் பலன்.

பழைய செட் வாங்குகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். ஸ்குரூவில் கீறல் இருந்தால் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மூக்கை வைத்துப் பாருங்கள். கருகிய வாடை பொய் சொல்லாது.

பில் இல்லாமல் வாங்காதீர்கள்

"பில் வேண்டாம்னா ஐந்நூறு குறைச்சுக்கலாம் தம்பி." இந்தப் பேச்சுக்கு மட்டும் தலையாட்டாதீர்கள்.

2019-ல் நிறைவேறி 2020 ஜூலை 20-ந் தேதி அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காததே முறையற்ற வர்த்தகம். பழுதான பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் கொடுக்க மறுப்பதும் முறையற்ற வர்த்தகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. "விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது" என்று பில்லில் அச்சடித்திருந்தால் பயந்துவிட வேண்டாம்.

பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம்.

எங்கே புகார் செய்வது?

முதலில் கடைக்காரருக்கும் கம்பெனிக்கும் எழுத்து மூலம் சொல்லுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற நம்பருக்குப் போன் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி மையம் அது.

அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளை எங்கே வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். தஞ்சாவூரில் வாங்கினாலும் சென்னையில் வாங்கினாலும் திருமானூர்க்காரர் அரியலூரிலேயே புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. கோளாறு ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

பில், வாரண்டி அட்டை, பெட்டியில் போட்டிருந்த "ஆயிரம் வாட்ஸ்" அட்டை எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். அந்த அட்டையே நாளைக்குச் சாட்சி சொல்லும்.

பக்கத்து வீட்டையும் நினையுங்கள்

கடைசியாக ஒரு வார்த்தை. செட் வாங்கிவிட்டோம் என்று ராத்திரி 12 மணிக்கு வெடிச்சத்தம் வைத்தால் சிக்கல்தான்.

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும். எதிர் வீட்டில் நெஞ்சு வலிக்காரர் இருப்பார். அவர்கள் போலீசுக்குப் போன் போட்டால் தப்பு சொல்ல முடியாது.

கணக்கு இவ்வளவுதான். ஆர்.எம்.எஸ். எவ்வளவு, டிரான்ஸ்பார்மர் எவ்வளவு, சர்வீஸ் எங்கே, பில் உண்டா? இந்த நாலுக்கும் நேரான பதில் வந்தால் வாங்குங்கள். ஒன்றுக்கு மழுப்பினாலும், பணத்தை மடியில் முடிந்துகொண்டு அடுத்த பஸ்சில் ஊருக்குத் திரும்பிவிடுங்கள். கடை நாளைக்கும் திறந்திருக்கும்.